கண்டுகொள்ளாமல் இருப்பதே

நவம்பர் 14, வெள்ளி

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளை வரைந்துகொண்டிருந்தபோது பட்டிமன்ற நடுவர் பூமிநாதன் ஐயாவிடமிருந்து போன். வகுப்பில் போனை எடுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் போடுகிறவள் நான்தான். எடுத்துவிட்டேன். கரப்பான்பூச்சி பாதித் தாடையோடு நின்றது.

அருப்புக்கோட்டை நெசவாளர் சங்க ஆண்டு விழா, டிசம்பர் ஏழாம் தேதி, பட்டிமன்றம். "குடும்பம் நிம்மதியாக நடக்கக் காரணம் விட்டுக்கொடுப்பதா, கண்டுகொள்ளாமல் இருப்பதா?" எனக்குக் கண்டுகொள்ளாமல் இருக்கும் அணி. அதற்கப்புறம் ஐயா சொன்னதுதான் முக்கியம்: "அரசியம்மா, இந்தத் தடவை நிறைவா நீங்கதான் பேசுறீங்க."

ஒன்பது வருஷமாக நான் முதல் பேச்சாளர். முதல் பேச்சாளர் என்றால் என்னவோ பெருமை என்று ஊரில் நினைக்கிறார்கள். நாம் எழுந்து நிற்கும்போது கூட்டம் நாற்காலி தேடிக்கொண்டிருக்கும், மைக்செட்காரர் "ஹலோ, ஹலோ" என்று குறுக்கே வருவார், குழந்தை அழும். கடைசியில் பேசுகிறவருக்குத்தான் சூடான கூட்டம் கிடைக்கும். நோட்டீஸில் படமும் பெரிதாகப் போடுவார்கள்.

இன்னொன்றும் சொன்னார். பொங்கலுக்கு மஸ்கட் தமிழர்கள் அழைக்கிறார்களாம். ஐயாவோடு இரண்டு பேர்தான் போக முடியும். ஒரு இடம் குணவதிக்கு. கல்லூரிப் பேராசிரியர், 'சொல்லருவி' பட்டம் வாங்கியவர், கேட்கவே வேண்டாம். இன்னொரு இடத்தை அருப்புக்கோட்டையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வாராம். நான் ரயிலிலேயே சென்னைக்கு அப்பால் போனதில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். மிக்சியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்ப இன்னைக்கே நடக்கப் போவமா?" என்றார். பட்டிமன்றம் என்று வந்துவிட்டால் சாயங்காலம் நானும் இவரும் ரயில்வே ஃபீடர் ரோட்டில் நடந்துகொண்டே பாயிண்ட் யோசிப்பது வழக்கம். யோசிப்பது நான். இவர் சும்மா எதையாவது பேசிக்கொண்டு கூட வருவார்.

இடைப்பருவத் தேர்வுத் தாள் கட்டு கட்டாக இருந்ததால் இன்று போகவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சென்னையிலிருந்து யாழினி பேசினாள். பெற்ற மகள் விஷயத்தைக் கேட்டு வாழ்த்துச் சொல்வாள் என்று பார்த்தால், "இன்னும் நீங்களே உக்காந்து யோசிக்கிறீங்களாம்மா?" என்கிறாள். ஏஐ செயலி ஒன்றை என் போனில் இறக்க வைத்துவிட்டாள். எது கேட்டாலும் எழுதித் தருமாம், தமிழிலேயே.

கேட்டுப் பார்த்தேன். "மிக அருமையான தலைப்பு! உங்கள் ஆழமான சிந்தனைக்குப் பாராட்டுகள்!" என்று ஆரம்பித்தது. இருபத்தாறு வருஷ இல்லறத்தில் இப்படி ஒரு வார்த்தையை நான் யாரிடமும் கேட்டதில்லை.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார். எதற்கு என்றேன். "இல்ல, குடும்பத்தப் பத்தி இவ்வளவு நல்லவிதமா பேசுதே" என்றார்.

எல்லாமே இவருக்கு விளையாட்டு.

நவம்பர் 17, திங்கள்

தொடக்கம் கிடைத்துவிட்டது! "குடும்பம் என்பது அன்பு என்னும் நூலால் நெய்யப்பட்ட அழகிய துணி." நெசவாளர் ஊருக்கு நெசவு உவமை! அருப்புக்கோட்டை என்று நான் அதனிடம் சொல்லவே இல்லை. எப்படித்தான் மோப்பம் பிடித்ததோ.

இரண்டு நகைச்சுவையும் தந்தது. ஒன்று, கணவர் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டுகளைத் தப்பாக அடுக்குவார், மனைவி பேசாமல் திரும்ப அடுக்குவார். நம்மூரில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு எங்கே போவது? அதைக் கிரைண்டர் ஆக்கிவிட்டேன். இதுதான் கற்பனைத்திறன்.

இரண்டாவது இன்னும் ஜோர். கல்யாண நாளை மறக்காமல் இருக்க ஒருவர் அதையே போனுக்குப் பாஸ்வேர்டாக வைத்தாராம். இப்போது கல்யாண நாளும் ஞாபகம் இல்லை, போனும் திறக்கவில்லை. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

முடிவுக்கு: "வீடு என்பது சுவர்களால் ஆனதல்ல, மனங்களால் ஆனது." கைதட்டல் இங்கேயே கேட்கிறது.

நவம்பர் 19, புதன்

சாம்பாரில் உப்பே இல்லை. எனக்கு இரண்டாவது கரண்டியில்தான் தெரிந்தது. இவர் தட்டையே காலி செய்துவிட்டார். நேற்றும் உப்பு இல்லையாம்! சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "உன் அணிக்குத்தான் பயிற்சி எடுக்கேன். கண்டுகொள்ளாம இருக்கேன்" என்றார்.

எனக்கு வேலை இருந்தது. செயலியிடம் உருக்கமான சம்பவம் ஒன்று கேட்டிருந்தேன். பனி பெய்யும் இரவில் கணவர் மனைவிக்குத் தன் கோட்டைக் கழற்றிக் கொடுப்பதாக வந்தது. விருதுநகரில் பனி பெய்ய நான் என்ன செய்வது?

நவம்பர் 21, வெள்ளி

பேச்சு முழுதாக முடிந்தது. இவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசிக் காட்டினேன். பாஸ்வேர்டு வந்த இடத்தில் நிறுத்திச் சிரிப்புக்கு இடம் விட்டேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

"இது யாரு?" என்றார்.

"எது யாரு?"

"இந்தக் கல்யாண நாள மறந்த ஆளு. நான் மறந்ததே இல்லியே."

"இது நீங்க இல்லைங்க. பொதுவான கணவர்."

"ஓகோ. பொதுவான ஆளா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகவே நடக்கப் போய்விட்டார். போகிற வழியில் தாளித்த கடுகு மாதிரி என்னவோ முணுமுணுப்பு. இவருக்கு வரவர ரசனை குறைந்துகொண்டே வருகிறது.

கைதட்டுகிற வேலையையாவது ஒழுங்காகச் செய்தால் சரி. மேடையில் நான் இடது காதுத் தோட்டைத் தொட்டால் இவர் தட்ட வேண்டும். எப்போதும் மூன்றாவது வரிசை, ஓர நாற்காலி. ஒரு கூட்டத்தில் முதல் ஆளாகக் கைதட்டுவது லேசான காரியம் இல்லை. முதல் தட்டு விழுந்துவிட்டால் மற்றவர்கள் தன்னால் தட்டுவார்கள். இவர் தட்டுவது தனி ரகம். உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, அவசரமில்லாமல், மூன்று தட்டு, அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. எத்தனை வருஷமாகச் சொல்லியும் அந்த இடைவெளியை விடமாட்டேன் என்கிறார்.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் சலூனுக்குப் போய்விட்டு வந்தார். முன்னால் வந்து நின்று, "எப்படி இருக்கு?" என்றார். "நல்லா இருக்கு" என்றேன். செயலி அப்போதுதான் குட்டிக்கதை எழுதிக்கொண்டிருந்தது, கண்ணை எடுத்தால் வரி ஓடிவிடும்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குளிக்கப் போனார்.

நவம்பர் 24, திங்கள்

இவரிடம் என்னவோ மாறியிருக்கிற மாதிரி இருந்தது. "கண்ணாடி மாத்தீட்டீங்களா?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். மாற்றுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 25, செவ்வாய்

பால்காரம்மா பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றது. "டீச்சர், ஐயா வீட்டுப் பக்கம் கேதம் ஏதும் விழுந்துருச்சா?" என்று மெதுவாகக் கேட்டது. யாரும் சாகவில்லையே, எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றேன். நம்பாமல் பார்த்துவிட்டுப் போனது. இந்த ஊரில் ஒரு மனுஷன் இரண்டு நாள் சத்தமில்லாமல் இருந்தால் போதும், சாவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நவம்பர் 26, புதன்

சாம்பாருக்கு உப்புப் போட்டேன். இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

நவம்பர் 29, சனி

பேச்சில் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம் இருந்தால் உயிரோட்டம் வரும் என்று செயலியே சொல்லிற்று. "உங்கள் கணவரைப் பற்றிச் சில விவரங்கள் தர முடியுமா? அவருடைய தனித்தன்மைகள், பழக்கங்கள்?" என்று கேட்டது. நான் ரொம்ப நேரம் யோசித்து எழுதினேன்: "வயது ஐம்பத்து மூன்று. பெயர் சங்கரலிங்கம். தாலுகா ஆபீஸில் கிளார்க். மீசை வைத்திருப்பார். அமைதியான சுபாவம். குறிப்பிடும்படியாக வேறொன்றும் இல்லை."

"அருமையான விவரங்கள்!" என்று சொல்லி, காபி குடிக்கும்போது கணவரின் மீசையில் நுரை ஒட்டிக்கொள்வதாகவும், மனைவி அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதாகவும் எழுதித் தந்தது. நன்றாகத்தான் இருந்தது. போனைப் பார்த்தே உரக்கப் படித்துக் காட்டினேன். இவர் எதிரே உட்கார்ந்து காபிதான் குடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பல்லாம் ஒட்டுறதில்ல" என்றார்.

பாலில் நுரை குறைந்துவிட்டது என்கிறாரா, என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. மீசைச் சம்பவத்தைச் சேர்க்கவில்லை. கிரைண்டரே போதும்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. வாசலில் விளக்கு வைத்தேன். ஒவ்வொரு வருஷமும் எதிர்வீட்டு ராஜாமணி அக்கா பொரியுருண்டை கொடுத்துவிடுவார். இந்த வருஷம் தெருவில் எல்லா வீட்டுக்கும் போயிற்று, நம் வீட்டை மட்டும் தாண்டிப் போயிற்று. "உங்களுக்குத்தான் இப்ப ஆகாதே" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொல்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. மஸ்கட் விஷயம் கசிந்திருக்கிறது. வயிற்றெரிச்சல்.

நான் பொரியுருண்டைக்கு ஏங்கிப்போய் இல்லை. ஆனாலும் அந்த அக்காள் கைப்பாகு யாருக்கும் வராது.

டிசம்பர் 6, சனி

பேச்சு மனப்பாடம். நீலக் கட்டம் போட்ட சட்டையை இவருக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். "நாளைக்கு நான் வரணுமா?" என்று கேட்கிறார்! நீங்கள் வராமல் யார் தட்டுவது என்றேன். "அதான பாத்தேன்" என்றார்.

டிசம்பர் 8, திங்கள்

நேற்று எழுதத் தெம்பில்லை. இன்று அரைநாள் விடுப்பு. முதலிலிருந்து எழுதுகிறேன்.

மேடைக்காரர்கள் முன்கூட்டியே வர வேண்டும் என்று ஐயா சொன்னதால் நான் மத்தியானமே போய்விட்டேன், இவர் ஆபீஸ் சிநேகிதர் வண்டியில் பின்னால் வந்தார். கூட்டம் என்றால் கூட்டம். நாற்காலி போதாமல் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். நான் மேடையில் ஆறாவது நாற்காலி. பட்டுச்சேலை. கையில் என் பேச்சு, நான்கு பக்கம்.

முதலில் விட்டுக்கொடுக்கும் அணியிலிருந்து வக்கீல் கனகவேல் எழுந்தார். சின்ன வயது, கணீர்க் குரல். வணக்கம் எல்லாம் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்: "குடும்பம் என்பது அன்பு என்னும் நூலால் நெய்யப்பட்ட அழகிய துணி."

என் தொடக்கம்! நெசவாளர்கள் ஆனந்தமாகத் தட்டினார்கள். சரி, தற்செயல், தொடக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்து முதல் வரியை அடித்தேன். அதற்குள் அவர், தன் மனைவி மிக்சி ஜாரை மாற்றி மாட்டியதாகவும், தான் பேசாமல் திரும்ப மாட்டியதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மிக்சியைத் தெரியும். அது என் கிரைண்டர்.

அடுத்தது எங்கள் அணியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். "குடும்பம் என்பது பாசம் என்னும் நூலால் நெய்யப்பட்ட..." என்றார். அன்பைப் பாசம் ஆக்கியிருந்தார், அவ்வளவுதான். அவர் வீட்டில் சலவை இயந்திரம். கல்யாண நாளைப் பாஸ்வேர்டாக வைத்தவர் அவருடைய சொந்த மருமகனாம். கூட்டம் சிரித்தது. நான் இரண்டாம் பக்கத்தை அடித்தேன்.

மூன்றாவது ஆள் எழுந்து "குடும்பம் என்பது" என்று சொன்னதுமே ஜமுக்காளத்திலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்: "ஐயா, இது மூணாவது சேல. எங்க தறியிலகூட இவ்வளவு வேகமா இறங்காது." மண்டபமே குலுங்கியது. நடுவர் ஐயா துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

நான்காவது ஆள் பயந்துபோய்ப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது குணவதி. 'சொல்லருவி'. அவர் மடியில் இருந்த தாளைப் பார்த்தேன், என் தாளைப் போலவே கோடு கோடாக அடித்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி இருந்தோம். பாவம், வேறு வழியில்லாமல் பாஸ்வேர்டுக்கே வந்தார். "கல்யாண நாளை மறக்காமலிருக்க..." என்று அவர் தொடங்க, "போனும் திறக்கல!" என்று கூட்டம் ஒரே குரலில் முடித்துவைத்தது. "வீடு என்பது சுவர்களால் ஆனதல்ல" என்றார். "மனங்களால்!" என்றார்கள். உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நான். 'நகைச்சுவைத் தென்றல்' மங்கையர்க்கரசி என்று அறிவித்தார்கள். மைக் முன்னால் போய் நின்றேன். கையில் நான்கு பக்கமும் அடித்த தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. வணக்கம்கூட வரவில்லை. கூட்டம் சிரிக்கத் தயாராகக் காத்திருந்தது, என்னைப் பார்த்தா என் பேச்சைக் கேட்டா என்பதுதான் தெரியவில்லை. மஸ்கட் போச்சு என்று நினைத்தேன். மஸ்கட் கிடக்கட்டும், இனிமேல் முதல் பேச்சாளராகக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள்.

பழக்கதோஷத்தில் இவரைத் தேடினேன். மூன்றாவது வரிசையில் மீசையைத் தேடினேன். இல்லை. ஓர நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். மழமழவென்று ஒரு முகம். இவருடைய நாற்காலியில் உட்கார இந்த ஆளுக்கு என்ன தைரியம், இவர் வரவேயில்லையா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கை தோட்டுக்குப் போயிற்று.

அந்த ஆள் தட்டினார்.

நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அத்தனை பெரிய மண்டபத்தில் ஒரே ஒருத்தர், உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, அவசரமில்லாமல் மூன்று தட்டு. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாட்டுக்கு மறுபடியும் மூன்று தட்டினார்.

அப்போதுதான் எனக்கு ஆள் தெரிந்தது. அந்த நீலக் கட்டச் சட்டையும் தெரிந்தது.

சலூன், கண்ணாடி, பால்காரம்மா, பொரியுருண்டை, காபி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் தலையில் விழுந்தன. வாய் தன்னால் திறந்தது.

"ஐயா, கண்டுகொள்ளாம இருக்கிறதுதான் நிம்மதின்னு பேச வந்திருக்கேன். சாட்சியும் வந்திருக்கு. மூணாவது வரிசை ஓரத்துல நீலக் கட்டச் சட்டை போட்டிருக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரர். இருபத்தாறு வருஷமா மீசையோட இருந்த மனுசன். மீசைய எடுத்துட்டார். எடுத்து ரெண்டு வாரமாச்சு. நான் இப்பத்தான் பாக்குறேன்."

அப்படி ஒரு சிரிப்பை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. ஜமுக்காளத்துப் பெரியவர் எழுந்தே நின்று இவரைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. சலூனிலிருந்து வந்தவரை நிமிர்ந்து பார்க்காமலே நல்லா இருக்கு என்றது, மீசை போனதைக் கண்ணாடி என்று நினைத்தது, மீசை இல்லாத முகத்தைப் பார்த்துத் தெரு முழுக்க எங்கள் வீட்டில் சாவு என்று முடிவுகட்டிப் பொரியுருண்டையை நிறுத்தியது, மீசையில் நுரை ஒட்டுவதாக அவர் முகத்துக்கு நேராகவே படித்துக் காட்டியது, அவர் "இப்பல்லாம் ஒட்டுறதில்ல" என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. எல்லாம் நான் எழுதிவைத்துப் பேசுவது என்றே நினைத்தார்கள். உண்மை என்று அந்த மண்டபத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

முடிக்க வேண்டிய நேரம். மணி அடித்துவிட்டார்கள். நான் முடிவு யோசித்திருக்கவில்லை. உப்பில்லாத சாம்பார் ஞாபகம் வந்தது.

"நான் உப்பில்லாம சாம்பார் வச்சேன். அவருக்குத் தெரிஞ்சது, பேசாம சாப்பிட்டார். அதுதாங்க கண்டுகொள்ளாம இருக்கிறது. கண்டுகொள்ளாம இருக்கணும்னா மொதல்ல கண்ணால பாத்திருக்கணும். நான் செஞ்சதுக்குப் பேரு அது இல்ல. அதுக்கு என்ன பேருன்னு நடுவர் ஐயாதான் சொல்லணும்."

நான் மறுபடி தோட்டைத் தொட்டேன். இவர் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்டபமே தட்டிற்று, இவரைத் தவிர.

தீர்ப்பு எங்கள் அணிக்கு. பார்த்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும் என்று ஐயா ஒரு திருத்தம் சேர்த்துச் சொன்னார்.

கீழே இறங்கியதும் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படிம்மா தோணுச்சு? வீட்டுக்காரர மீசைய எடுக்க வச்சு, நேரா கூட்டத்துல கொண்டுவந்து உக்கார வச்சு! இத எந்த மெசினும் யோசிக்காதும்மா."

"சொந்த யோசனைதான் ஐயா" என்றேன். இவர் பக்கத்திலேயே நின்றார். ஆமாம் என்று தலையாட்டினார்.

பஸ்ஸில் திரும்பினோம். பாலவநத்தம் தாண்டியதும் கேட்டேன், எதற்கு எடுத்தீங்க என்று. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சும்மாதான். பொதுவான ஆளு எப்படி இருப்பார்னு பாத்தேன்."

ஏன் தட்டலை என்று கேட்டேன், வேறெதையும் கேட்க முடியாமல். "கேட்டுக்கிட்டு இருந்தேனா, மறந்துபோச்சு" என்றார்.

டிசம்பர் 10, புதன்

மஸ்கட் உறுதி. ஐயாவே போனில் சொன்னார். மீசைப் பேச்சை அங்கேயும் அப்படியே பேச வேண்டுமாம். குணவதி தன் வீட்டுக்காரரிடம் மீசையை எடுக்கச் சொன்னதாகவும், அவர் வீட்டைவிட்டே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டதாகவும் கனகவேல் சொன்னார்.

ராஜாமணி அக்காளிடம் நேரில் போய் விளக்கம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. பொரியுருண்டை மிச்சம் இல்லையாம். வயிற்றெரிச்சல் என்று நான் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும், அடிக்கவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

மஸ்கட்டுக்குப் புதிதாக ஒரு தொடக்கம் வேண்டும் என்று செயலியிடம் கேட்டேன். "நிச்சயமாக! கடல் கடந்து வாழும் தமிழர்களே, குடும்பம் என்பது அன்பு என்னும் நூலால்..." என்று ஆரம்பித்தது. இவரிடம் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துப் படித்தேன்.

"கப்பல்லயும் சேல வித்துருச்சே" என்றார்.

இரண்டு பேரும் அடக்க முடியாமல் சிரித்தோம். இதை எழுதி வைத்துக்கொள்ளவா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இது நம்ம வீட்டுக்கே இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். நாட்குறிப்பு வீட்டுக்குள்தானே இருக்கிறது.

டிசம்பர் 13, சனி

சாயங்காலம் ஃபீடர் ரோட்டுக்குப் போனோம். நான் பாயிண்ட் கேட்கிறேன் என்று தெரிந்ததும் இவருக்கு ஒரே பதற்றம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு ஊர்ல ஒரு கணவர் இருந்தாராம்" என்று தொடங்கினார். அவ்வளவு மட்டமான நகைச்சுவையை எந்தச் செயலியும் சொல்லாது. இன்னொன்று சொன்னார், அது அதைவிட மோசம். நீங்க யோசிக்காதீங்க, சும்மா எதையாவது பேசிட்டு வாங்க என்றேன். என்ன பேச என்கிறார். மஸ்கட்டில் மீசையைப் பற்றிப் பேசமாட்டேன் என்று சொன்னேன். அப்ப எதைப் பேசுவ என்று கேட்டார். தெரியலை என்றேன். கூட நடந்தார்.

மீசை வளர ஆரம்பித்துவிட்டது. இடது பக்கம் நரை அதிகமாக இருக்கிறது. முன்பும் அப்படித்தான் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.